வேட்டை நாயும் வளவு வீடும்

வேட்டை நாய் வீட்டுக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். எந்த வீட்டுக்கு என்று நாம் திருப்பிக் கேட்போம்.

கொங்கு நாட்டில் முயல் வேட்டையென்றால் பேர் பண்ணாடிக்கு. புதர் தட்டி முயலைக் கிளப்பினதும், நாய்க்கு வார் தைத்ததும் வளவுச் சனம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் வேட்டையைக் குற்றமாக்கின. வேட்டை போச்சு, நாய் மிஞ்சியது.

சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஓடுகிற கோழியைக் கண்டால் நிற்காது. ஆனால் குட்டியிலிருந்தே பிள்ளைகளோடு வளர்ந்தால் பெரும்பாலும் சாதுவாகவே கிடக்கும். எங்க அய்யன் சொல்வார்: "சங்கிலிதாங் கண்ணு நாயெ வெறியாக்குது."

சங்கிலி நாய்க்கு மட்டுமா? தென்மாவட்டச் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கவே தடை இருந்தது. ஊர்த்தெருப் பெட்டை நாயோடு கூடிவிடுமாம்! நாய்க்கும் சாதி பார்த்தார்கள்.

2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். நாயின் இனத்துக்கு வரலாறு இருக்கிறது. தன் கஞ்சியில் பங்கு வைத்து நாய் வளர்த்த சனத்துக்கு? அதை நாம்தான் எழுதவேண்டும்.