எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய உணவுமுறை

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல், நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். ஏறத்தாழ 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் போய்விடுகிறது. பசியே அடங்கிய பிறகு உண்ணும் பழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் சிறுத்த இரைப்பை தடுத்து நிறுத்துவது கெட்டியான உணவைத்தான். பாயசமும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் என்ற மற்றொரு வகை எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களின் எடை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாகிவிட்டது. இதை நோயாளியின் மனவுறுதிக் குறைவு என்று பழிப்பது கொடுமை. இழந்த எடையை மீட்க உடலே முயல்கிறது. அதனால்தான் பழக்கம் துணை நிற்க வேண்டியிருக்கிறது.

நம் சமையலில் முதலில் மாற வேண்டியது தட்டின் வரிசை. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. சோறு முந்திக்கொண்டால் பருப்புக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இடமிருக்காது. நீர்ம உணவு, மசித்தது, குழைந்தது என்று படிப்படியாக ஏறி, வழக்கமான உணவுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அப்போதும் ஒரே ஒரு இட்லியைச் சிறு விள்ளலாகப் பிட்டு, கூழாகும்வரை மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் குடிப்பது அரை மணி கழித்தே. பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுதும் தொடரும்.