கார்லைல் வீரர்கள் – 5: வெஸ்ட் பாயிண்டில் ஒரு சனிக்கிழமை

முதல் அடி ராணுவத்துடையது. 1912 நவம்பர் 9. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணி முந்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. ஆறு புள்ளிகள்! அதன்பின் கிடைத்த கூடுதல் உதையைத்தான் கோட்டைவிட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். மறிப்பவர்கள் ஆளையே கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள்.

எதிரே நின்றவர்கள் யார்? பென்சில்வேனியாவில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879இல் தொடங்கப்பட்ட கார்லைல் பள்ளியின் பூர்வகுடி இளைஞர்கள். தொடங்கியவரும் ராணுவ அதிகாரியே, ரிச்சர்ட் பிராட். பிள்ளைகள் வந்திறங்கியதும் முடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசத் தடை போட்டார்கள். கரும்பலகையில் எழுதிய ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். தொட்டது எதுவோ, அதுதான் அந்தக் குழந்தைக்கு இனிப் பெயர்.

அமெரிக்க ராணுவம் பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்ற ஊண்டட் நீ படுகொலை நடந்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் பாப் வார்னர் அந்தப் பழைய கணக்கை நினைவுபடுத்தினார் என்பார்கள். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் பையன்களுக்குத் தெரியாதா என்ன!

வார்னர் தந்த உருப்படியான உதவி வேறு: இரு ஓரங்களிலும் ஆட்களை நிறுத்தும் புதிய வியூகம். பந்து எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க முடியாமல் ராணுவ அணி திணறியது. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று வந்திருந்த கார்லைல் வீரர் ஜிம் தோர்ப்பைச் சாய்க்க ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்களில் ஒருவர் டுவைட் ஐசனோவர். ஆம், பிற்கால அமெரிக்க அதிபரேதான். தோர்ப்பின் மீதே எல்லாருக்கும் கண் இருக்க, சக வீரர் அலெக்ஸ் அர்காசா கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். ராணுவ அணியின் தலைவர் டேவோர் பொறுமை இழந்து கார்லைலின் ஜோ கையனைத் தாக்க, நடுவர் அவரை வெளியேற்றினார்.

முடிவு: கார்லைல் 27, ராணுவம் 6.

அடுத்த சனிக்கிழமையே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று தோற்றார்கள். ஜெயித்த மயக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அத்தனை பெரிய ஆட்டத்துக்குப் பின் உடம்பும் ஒத்துழைக்க வேண்டாமா? பருவம் முடிந்தபோது 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. ஒரு பள்ளிக்கு இது அசாத்தியம்.

ஆனால் 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநில நாளிதழ் ஒன்றில் ஒரு செய்தி வெடித்தது. வட கரோலினாவில் தோர்ப் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர்! பணத்துக்கு விளையாடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. அப்படியானால் ஒலிம்பிக் பதக்கங்கள்? மன்னிப்புக் கேட்டுத் தோர்ப்பின் கையெழுத்துடன் ஒரு கடிதம் போனது. அதன் வாசகங்கள் தோர்ப்புடையவைதானா?

அடுத்த வாரம் அந்தக் கடிதத்தைப் பிரிப்போம்.