பாபா வழியும் மாமா வழியும்

இலங்கையின் மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பாக எழுந்து நிற்கும் சிகரத்தை அந்நாட்டு முஸ்லிம்கள் பாவாத மலை என்பர். பாவா ஆதம் மலை என்பதன் மரூஉ அது. சிங்கள மக்கள் அதனைச் சமனல என்றும் ஸ்ரீபாதம் என்றும் அழைப்பர். சைவர்களுக்கு அது சிவனொளிபாத மலை. உச்சிப் பாறையில் பாதச் சுவடு போன்றதொரு பள்ளம் உண்டு. அது யாருடைய பாதம் என்ற இடத்தில்தான் பெயர்கள் பிரிகின்றன.

நபி ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. இறங்கிய மலை இன்னதென்று கூறவில்லை. ஹிந்து நாடு என்றும் ஸரந்தீப் என்றும் வந்த செய்திகளைத் திரட்டித் தந்தவர்கள் தபரீ போன்ற வரலாற்றாசிரியர்களே. எனவே இது ஈமானைச் சார்ந்த செய்தியன்று. வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதில் குற்றமும் இல்லை.

உரைத்துப் பார்த்தால் சுவையான ஓர் உண்மை புலப்படுகிறது. கி.பி. 851இல் அரபு வணிகர்களின் வாய்மொழியைக் கொண்டு எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் நூல், இச்சுவடு ஏறத்தாழ 70 முழ நீளம் என்றும், மற்றொரு பாதம் கடலில் ஊன்றியதாம் என்றும் கேள்விச் செய்தியாக உரைக்கிறது. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரில் ஏறிக் கண்ட இப்னு பதூதா 11 சாண் என்கிறார். பிற்காலத்தில் அளந்து பார்த்தவர்கள் ஐந்தரை அடி அளவில் நிறுத்தினர். கப்பலிலிருந்து கேட்டறிந்தவருக்கு எழுபது முழமாயிருந்தது, சேற்றில் நடந்து போனவருக்குச் சாண் கணக்காகிவிட்டது! ஆகவே நாம் ஈண்டுப் பாதத்தை விட்டு, அதற்குச் செல்லும் வழியைப் பற்றியே பேச விழைகிறோம்.

ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344 ஆகஸ்டின் பிற்பகுதியில் இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து மஃபருக்கு, அதாவது நம் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாளாகி, கப்பல் இலங்கைக் கரையை அடைந்தது. தொலைவில் அந்த மலை புகைத் தூண் போல் தெரிந்ததாம். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீகம் விளங்கியதால் உரையாடலுக்குத் தடையில்லை. முத்துக்களைக் காட்டி, வேண்டுவதைக் கேளும் என்றார் மன்னர். பாதத்தைக் காண வேண்டும் என்பதொன்றே விருந்தினரின் வேட்கை. மன்னர் பல்லக்கு ஒன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் ஆட்கள் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். மொராக்கோ நாட்டுக் காளி ஒருவர் யோகிகளின் பின்னே நடந்து ஆதம் நபியின் சுவட்டைத் தேடிச் சென்ற அக்காட்சியை வாசகர்கள் சற்றே மனக்கண்ணில் காண வேண்டும்.

அவர் சென்ற காலம் உகந்த காலமன்று. இக்காலத்தில் மலை யாத்திரை மார்கழிப் பௌர்ணமியையொட்டித் தொடங்கி, மே மாதத்து வெசாக்குடன் முடிகிறது. எஞ்சிய மாதங்களில் மழையும் காற்றும் மூடுபனியும் ஆட்சி செய்யும். தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் சரிவுகள் அவை. இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. நம் பயணி புறப்பட்டதோ அம்மழை ஓயாத நாள்களில். மூங்கிலால் கட்டிய தெப்பத்தில் ஆற்றைக் கடந்ததும், சலாவாத் என்னும் சிற்றூருக்கு அப்பால் நீர் மிகுந்த கரடுமுரடான நிலத்தில் நடந்ததும் அவர் நூலில் உள்ளன.

அச்சதுப்பில் அவர் மறக்காத பிராணி அட்டை. நீர்நிலை அருகே புல்லிலும் மரத்திலும் காத்திருந்து, ஆள் நெருங்கியதும் தாவிப் பற்றுமாம். அதனால் அவர் அதைப் பறக்கும் அட்டை என்கிறார். உண்மையில் அது பறப்பதில்லை. புல் நுனியில் நிமிர்ந்து நின்று ஒட்டிக்கொள்வதே அதன் வழக்கம். யாத்ரீகர்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பர். சாற்றைப் பிழிந்ததும் அட்டை விழும். கடிவாயை மரக்கத்தியால் சுரண்டுவர். பாபா கூஸீ என்னும் பெரியார் அட்டைகளைப் பொருட்படுத்தாமல் நடந்து, குருதி இழந்து இறந்தாராம். அவர் பெயரால் வழியில் ஒரு குகையும் இருந்தது. அட்டைக்கு அவர் எழுதிய பெயர் 'ஸுலூ'. அது அரபுச் சொல்லன்று, பாரசீகச் சொல். வழித்துணைவர்களிடையே பாரசீகம் வழங்கியதற்கு இதனைவிடச் சான்று எதற்கு?

உச்சிக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று பாபா வழி. மற்றொன்று மாமா வழி. தமிழ்ச் செவிக்கு மாமா என்றால் தாயின் உடன்பிறந்தார் நினைவுக்கு வருவார். இங்கோ அது ஹவ்வா (அலை) அவர்களைக் குறிப்பது. மாமா வழி எளிது, திரும்புவோர்க்கு உரியது. அதன் வழியே ஏறியவரை ஏறியவராகவே கணக்கிடமாட்டார்களாம். பாபா வழியில் பாறையில் அடித்த முளைகளிலிருந்து பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குப் பெயர் ஷஹாதத் சங்கிலி. அங்கிருந்து கீழே நோக்கியவன் விழுந்துவிடுவோமோ என அஞ்சிக் கலிமா சொல்வானாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மார்கோ போலோவும் அச்சங்கிலிகளைக் குறித்துள்ளார். அதன் மேலே கிள்ரு குகையும் ஊற்றும் உண்டு. மூட்டைகளை அங்கே வைத்துவிட்டு மேலும் இரண்டு மைல் ஏறினால் பாதம். மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் சென்று காண்பது மரபு. இவரும் அவ்வாறே செய்தார். மேகங்கள் காலுக்குக் கீழே மிதந்து மலையடியை மறைத்தன.

இவ்வழியை முஸ்லிம்களுக்குத் திறந்தவர் ஹிஜ்ரி 371இல் மறைந்த ஷீராஸ் நகரத்து இப்னு கஃபீஃப் என்று கேட்டு எழுதுகிறார். பசியால் யானைக் குட்டியைத் தின்ற தோழர்களை யானைகள் கொன்றன. தின்னாத ஷைகை முதுகில் ஏற்றி ஊரில் விட்டன. அதுவரை முஸ்லிம்களை விலக்கியிருந்த மக்கள், அன்று முதல் வீட்டினுள் அழைத்து உடனுண்ணத் தொடங்கினராம். யானைக் கதையை நாம் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கதவு திறந்திருந்ததோ அவர் கண்ணால் கண்டது.

ஆயினும் அந்நூலில் மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து நல்லிணக்கம் மட்டும் பேசுவது வரலாறாகாது. குனகார் என்று அவர் எழுதும் தலைநகரில், (குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர்), பள்ளிவாசல் கட்டியிருந்த ஷைகு உஸ்மான் ஷீராஸீ என்பவர் முன்பு பாதத்துக்கு வழிகாட்டியாயிருந்தார். பசு அறுத்த குற்றத்துக்கு அங்கே மரண தண்டனை. மக்கள் அவரை மதித்தமையால் உயிரைப் போக்காமல் ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினர். பின்னர் ஒரு சந்தையின் வரி வருவாயை அவருக்கு எழுதி வைத்தனர். மன்னரும் குடிகளும் அவரைச் சென்று கண்டு சிறப்பித்தனர். வழிகாட்டும் பணியை அவருடைய மக்களும் அடிமைகளும் ஏற்றனர். வெட்டிய ஊரே பேணியது. வெட்டுண்டவர் குடும்பமே வந்தோர்க்கு வழி காட்டியது. இதனை எந்தப் பெயரிட்டு அழைப்பதென்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் வழி அடைபடவில்லை.

மன்னர் தந்த முத்துக்களும் மாணிக்கங்களும் நெடுநாள் நிற்கவில்லை. மஃபரிலிருந்து மீண்டு மேற்குக் கடலில் செல்கையில், ஹினாவருக்கும் ஃபாகனூருக்கும் இடையே கடற்கொள்ளையர் பன்னிரு கப்பல்களில் வந்து மறித்து, கால்சட்டை ஒன்றைத் தவிர யாவற்றையும் பறித்துக்கொண்டனர். பதினோராண்டுகள் கழித்து, 1355இல், மொராக்கோவின் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸய்யி எழுதுகோலுடன் அமர, நம் பயணி நினைவிலிருந்தே சொல்லி வந்தார். ஊர்ப் பெயர்கள் சில சிதைந்துதான் வந்தன. எலுமிச்சம்பழமும் மரக்கத்தியும் பத்துச் சங்கிலிகளும் சிதையாமல் வந்தன.