பல் அடைப்பும் பல்செட்டும் (காவிரிப் படுகை)

சொத்தை அரித்த குழியை நிரப்பி மூடுவது பல் அடைப்பு. விழுந்த பற்களுக்கு ஈடாகக் கழற்றி மாட்டும்படி செய்த வரிசை பல்செட்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் முன்னதைப் ‘பல்லை அடைப்பது’ என்றும் பின்னதைப் ‘பல் கட்டுவது’ என்றும் சொல்வர். சொத்தைப் பல்லுக்குப் ‘பூச்சிப்பல்’ என்றொரு பெயரும் உண்டு. குழிக்குள் கிருமி (புழு) குடியிருந்து குடைகிறது என்று பழைய வைத்திய நூல்கள் கருதியதன் எச்சம் இப்பெயர். உண்மையில், வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலைக் கரைப்பதே சொத்தை.

அடைக்கும் எண்ணம் மிகப் பழையது. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், கிருமி அரித்த பல்லின் குழியை வெல்லத்தாலோ தேன்மெழுகாலோ நிரப்பிச் சுடச் சொல்கிறது. நிலையான அடைப்பன்று, சூடு வைக்கும் சிகிச்சைதான். ஆயினும் குழியைத் திறந்து விடக்கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அடைப்புப் பொருளின் இலக்கணத்தை விளங்கிக்கொள்ள இவ்வட்டாரத்தில் பல்லைவிடக் கோயில் உதவும். சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேரும். இடிக்கும்போது இளகி நிற்க வேண்டும். இட்டபின் இறுக வேண்டும். இடுக்கில் நீர் புகவிடக்கூடாது. காலம் சென்று தளர்ந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். பல் அடைப்புக்கும் இந்த நான்கும்தான் விதி. தஞ்சைப் பெரிய கோயிலில் லிங்கத்தை நிறுவியபோது பந்தனம் இறுகாமல் நின்றதாகவும், சித்தர் கருவூர்த் தேவர் தாம் மென்ற தாம்பூலத்தை உமிழ்ந்து அதை இறுகச் செய்ததாகவும் தலவரலாறு கூறும். கிராம்புத் தைலத்தில் துத்தநாக ஆக்சைடு குழைத்து இடும் தற்காலிக அடைப்பும் உமிழ்நீரின் ஈரம் பட்டால் விரைந்து இறுகுவது இங்கே நினைக்கத்தக்கது. பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் இதற்கு நேர் எதிர். ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் அது பல்லோடு பிடிக்காது. விளிம்பில் கசிவு வந்து உள்ளே மறுபடி சொத்தை தொடங்கும்.

மேற்சொன்ன எட்டில் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பல் மருத்துவத்தின் ‘வெள்ளி அடைப்பு’ எனப்படும் அமால்கத்திலும் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. வெள்ளிக் குழம்பால் பல்லை அடைப்பது பற்றிச் சீனத்தின் 659-ஆம் ஆண்டு மருந்து நூல் குறிப்பிடுகிறது. 1840-களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று அமால்கத்தைத் தொழில்முறைத் தவறு என்றே தீர்மானித்தது; அந்தப் பூசலில் சங்கமே 1856-இல் கலைந்தது. 1895-இல் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் கலவை விகிதத்தைச் செம்மைப்படுத்தியபின் அமால்கம் உலகெங்கும் பரவியது.

இறுகிய அமால்கத்திலிருந்து மெல்லும்போது மிகச் சிறிதளவு பாதரச ஆவி வெளிவரும். பெரும்பாலோருக்கு இதனால் கேடில்லை. கருவுற்றோர், பாலூட்டுவோர், ஆறு வயதுக்குட்பட்டோர், சிறுநீரக அல்லது நரம்பு நோயாளிகள் இதைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியது. நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பை அச்சத்தால் தோண்டியெடுப்பது தவறு. குடையும்போதுதான் ஆவி மிகுதியாகக் கிளம்பும்.

நெல் விளையும் நாட்டில் கவலைப்பட வேண்டியது வாயைப் பற்றி அன்று, வடிகாலைப் பற்றி. சாக்கடை வழி நீர்நிலைக்குச் செல்லும் பாதரசம், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறும். நஞ்சாக அது பன்மடங்கு கொடியது. நீர் கட்டிய வயல் இம்மாற்றத்துக்கு ஏற்ற இடம் என்பதும், நெல்மணி அதை ஈர்த்துச் சேர்க்கும் என்பதும் சீனத்தின் குய்சோ மாநிலப் பாதரசச் சுரங்கப் பகுதி ஆய்வுகளில் தெளிவாயின. குறுவையும் சம்பாவும் தாளடியும் தண்ணீரில் நிற்கும் இப்படுகையில், எஞ்சிய அமால்கத் துகளைக் கழுவுதொட்டியில் விடாமல் மூடிய புட்டியில் சேர்ப்பது ஒவ்வொரு மருத்துவமனையின் கடமை.

பல்செட்டு செய்யும் முறை சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்புக்கு உடன்பிறந்தது. அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருப்பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து உலோகம் ஊற்றுவர். இங்கே மெழுகு ஈறில் பற்களைப் பதித்து, சாந்துக்குள் புதைத்து, கொதிநீரால் மெழுகை ஓட்டிவிட்டு, அவ்விடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் மாவை அடைத்து வேகவைப்பர். 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வருமுன் கந்தகமிட்டு வேகவைத்த ரப்பரே அடித்தட்டு. 74 பாகை வெந்நீரில் எட்டு மணி நேரம் வேகவைப்பது நிதானமான முறை. அவசரத்தில் எடுத்தால் வினைபுரியாத திரவம் மிச்சமிருந்து ஈறு எரியும்.

மேல்செட்டு அண்ணத்தில் உமிழ்நீர்ப் படலத்தின் பிடிப்பால் ஒட்டி நிற்கும். கீழ்செட்டுக்கு அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. நாக்கு அசையும்போதெல்லாம் ஆடும். கீழ்த்தாடை எலும்பு விரைவாகத் தேய்வதால் சில ஆண்டுகளில் தளர்வும் கூடும். கடிவிசை இயற்கைப் பல்லில் கால்பங்குகூடத் தேறுவது அரிது: சோறும் இட்லியும் போகும், முறுக்கும் பொங்கல் கரும்பும் போகா. வெற்றிலை போடுவோரின் செட்டில் சுண்ணாம்பும் காவியும் படியும். அதைக் கரியாலோ செங்கல் பொடியாலோ தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பூஞ்சை தங்கும். கொதிநீரிலிட்டால் வளைந்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுவது ஈறுக்கும் மூச்சுக்குழலுக்கும் காப்பு. உறக்கத்தில் துண்டுச்செட்டு தொண்டையில் இறங்கிய நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பல. பாக்கினால் வாய் இறுகும் நோய் வந்தோருக்கு அளவெடுக்கவே வாய் திறவாது. பாக்கை விடுவதுதான் முதல் சிகிச்சை.

சிதம்பரத்தில் 1980-இலும் புதுக்கோட்டையில் 2023-இலும் பல் மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. அமால்கத்துக்கு மாற்றாக, பல்லோடு தானே பிணைந்து ஃபுளோரைடும் கசியவிடும் கிளாஸ் அயனோமர் அடைப்பு புழக்கத்தில் உள்ளது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. அமால்கத்தை 2034-க்குள் கைவிட உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவு செய்தன.