யாத்திரை நெறியும் உலகச் சமயங்களும்: வெருகல் வழியை முன்வைத்து ஓர் ஆய்வு

சமயங்களை ஒப்பிட்டு ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் தத்துவ நூல்களிலிருந்தே தொடங்குவர். அது தக்க நெறியே. ஆயினும் கற்றாரும் கல்லாதாரும் ஒருங்கே கைக்கொள்ளும் ஒழுக்கங்களிலிருந்து தொடங்குவதும் பயன் தரும். அத்தகைய ஒழுக்கங்களுள் யாத்திரை ஒன்று. 'எல்லாச் சமயமும் ஒன்றே' என ஒரு தொடரில் முடித்துவிடுவது மேடைக்கு இனிதாகலாம். வரலாற்று மாணவனுக்கு அது போதாது. யாத்திரையில் சமயங்கள் எவ்விடத்து ஒத்துள்ளன, எவ்விடத்து வேறுபட்டுள்ளன, வேறுபட்டிருந்தும் மக்கள் ஒருவர்க்கொருவர் எவ்வாறு வழிவிட்டனர் என்பனவே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

திருக்கோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆற்றை அடுத்து அமைந்துள்ளது சித்திரவேலாயுத சுவாமி கோயில். கிழக்கிலங்கையின் பழம்பெரும் முருக தலங்களுள் இது ஒன்று. இக்கோயிலின் மதிற்றிருப்பணி பற்றிக் கூறும் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கு உண்டு. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய 'வெருகல் சித்திரவேலாயுதர் காதல்' என்னும் நூலும் இத்தலத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் முல்லைத்தீவு, திருக்கோணமலை ஆகிய இடங்களைக் கடந்து வெருகலில் தங்கி, ஆற்றைத் தாண்டிக் கதிரவெளி, வாகரை வழியாக மட்டக்களப்பை அடைவர். பின்னர் மண்டூர், திருக்கோவில், உகந்தை ஆகிய தலங்களை வணங்கிக் குமனை, யால வனங்களினூடே கதிர்காமம் சேர்வர். நாற்பது நாட்களுக்கு மேற்பட்ட நடை அது. ஆகவே வெருகல் தானே ஒரு தலமாகவும், பிறிதொரு தலத்துக்கு வழியாகவும் விளங்குகின்றது.

இனி, பிற சமயங்களை நோக்குவாம். இஸ்லாத்தில் ஹஜ் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. வசதியும் உடல்வலிமையும் உடையார் வாழ்நாளில் ஒருமுறையேனும் மக்கா சென்று அதனை நிறைவேற்றல் வேண்டும். பண்டை யூதர்க்கு ஆண்டில் மூன்று பெருவிழாக்களில் எருசலேம் செல்லுதல் விதியாக இருந்தது. பௌத்தத்தில் புத்தர் பிறந்த உலும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதலில் அறம் உரைத்த சாரநாத், பரிநிர்வாணம் எய்திய குசிநகரம் ஆகிய நான்கும் பக்தியோடு காணத்தக்கன என மகாபரிநிர்வாண சூத்திரம் கூறும். ஆயினும் அது கட்டளையன்று. கிறித்தவத்திலும் அது கட்டாயமன்று. நான்காம் நூற்றாண்டு முதல் எருசலேம் யாத்திரை பெருகிற்று; பதினாறாம் நூற்றாண்டிலோ மார்ட்டின் லூதர் யாத்திரை வழக்கத்தைக் கண்டித்தார். சைவருக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சிறப்புடையன எனினும், யாத்திரை பெரும்பாலும் அவரவர் நேர்த்தியைப் பொறுத்ததே. சித்தர்கள் தீர்த்தமாடித் திரிவதை எள்ளியதும் தமிழுலகம் அறியும். இதனால், யாத்திரையைப் போற்றும் குரலும் அதனை வினாவும் குரலும் ஒரே சமயத்தினுள்ளும் எழக் காணலாம்.

நடைமுறையிலும் ஒற்றுமை வேற்றுமைகள் உள. மக்கா செல்லும் ஆடவர் தைக்கப்படாத இரு வெண்துணிகளை அணிவர். அங்கே செல்வனும் ஏழையும் உடையால் வேறுபடார். கதிர்காம அடியாரும் எளிய உடையும் வெறுங்காலுமாக நடப்பர். வழியில் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். கோயிலையும் தூபியையும் வலம் வரும் இந்துவும் பௌத்தனும் அவற்றைத் தம் வலப்புறத்தே கொள்வர்; கஃபாவை ஏழுமுறை சுற்றும் முஸ்லிம் அதனைத் தம் இடப்புறத்தே கொள்வர். சுற்றுதல் பொது, திசை வேறு. அவ்வேறுபாட்டை மறைத்து ஒருமை காண்பது இருவர் நெறியையும் அறியாமையே ஆகும்.

தலம் அழிந்தவிடத்துச் சமயத்தார் செய்வது யாது என்பதும் ஆராயத்தக்கது. கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின், யூதர் அதனைத் தம் வழிபாட்டிலும் நினைவிலும் காத்தனர். சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, 1624-இல் அவ்விடத்துக் கோட்டையை எழுப்பினர். மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் 1950-இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. 1963-இல் கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது, மாந்தைக் கத்தோலிக்கர் தம் மாதா உருவத்தைக் காட்டினுள் எடுத்துச் சென்று காத்தனர். அதுவே மடுத் திருத்தலமாயிற்று. ஒரு காலத்தில் இடித்தவரின் சமயத்தார் மறுகாலத்தில் மறைந்து வழிபட நேர்ந்தது. ஆட்சியின் வலிமை எச்சமயத்தார்க்கும் நிலையான துணையன்று என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

இதற்கு மாறான வரலாறும் நம்மிடம் உண்டு. மொரோக்கோ நாட்டு இபின் பதூதா 1344-இல் இலங்கைக்கு வந்தபோது, ஆதிபிதா ஆதமின் அடிச்சுவடு உள்ளதென அவர் நம்பிய மலையைக் காண விழைந்தார். அம்மலையே சைவர்க்குச் சிவனொளிபாதம். பௌத்தர்க்குப் புத்தர் பாதம். தமிழரசனாகிய ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு அளித்து, ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகியர் நால்வரையும் அந்தணர் மூவரையும் தம் பரிவாரத்தார் பதின்மரையும் உணவு சுமப்பார் பதினைவரையும் உடன் அனுப்பினான் என அவர் குறித்துள்ளார். யோகியர் இஸ்லாத்தை ஏற்கவில்லை; அப்பயணியும் சைவத்தைத் தழுவவில்லை. ஒரே சுவட்டைப் பற்றி அவர்கள் கொண்ட நம்பிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாதன. ஆயினும் அவர்கள் ஒரு வழியே சேர்ந்து ஏறினர்.

காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் இதற்குச் சான்று. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் தொடர்புடைய அக்கல் 1409-ஆம் ஆண்டினது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்துறைத் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. மூன்றையும் ஒரு தெய்வமென அக்கல் கூறவில்லை; ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் குறிக்கின்றது.

கதிர்காமத்திலும் இதே நிலையைக் காணலாம். திரைக்கு முன் நின்று முருகனை வணங்கும் தமிழரும், கதரகம தெய்வத்தையும் கிரிவெகரையையும் வழிபடும் சிங்களரும், ஹிழ்ர் நபியின் நினைவோடு பள்ளிவாசலில் கூடும் முஸ்லிம்களும், வள்ளியைத் தம் குலமகளெனக் கொள்ளும் வேடரும் ஒரே எல்லையில் வழிபட்டு வந்துள்ளனர். ஆயினும் இப்பொதுமை தானே நிலைபெறும் எனக் கருதுதல் தவறு. 1980-களிற் போர் யாத்திரை வழியைத் துண்டித்தது. 2006-இல் வெருகற் பகுதியின் ஊர்கள் இடம்பெயர்ந்தன. நடை மீண்டும் தொடங்கியதெனில், நடப்போரின் உறுதியோடு வழியூர்களில் நீரும் உணவும் தங்குமிடமும் கொடுத்தோரின் கொடையும் அதற்குக் காரணமாகும்.

ஆற்றில் இன்று பாலம் உண்டு. ஊர்தியில் செல்வோர் வெருகலை இமைப்பொழுதில் கடப்பர். அதனைக் குறைகூற யாம் முற்படவில்லை. ஆனால் தலம் எவருடையது என்னும் வழக்கு நாடெங்கும் வலுக்கும் இக்காலத்தில், வழி எவருடையது என்னும் வினாவை மாணவர் எழுப்புதல் நன்று. தலத்துக்கு உரிமை கோருவோர் பலராகலாம். வழியோ நடந்து வருவார்க்கெல்லாம் உரியது. வழியில் இருக்கும் ஊரார்க்கு வருவோரின் சமயத்தை ஏற்கும் கடமை இல்லை. அதனை உள்ளவாறு அறியும் கடமையும், அவர்க்கு ஒரு குவளை நீர் அளித்து வழிவிடும் கடமையும் உண்டு. ஒப்பியல் சமயக் கல்வியின் பயன் இவ்விரண்டேயாம்.