கைப்பேசிக்கு வந்த ஒற்றைக்கொம்பு

பேருந்தில் நின்றபடியே கைப்பேசியில் தமிழ்க் கவிதை வாசிக்கும் காலத்தில் வாழ்கிறோம். எழுத்துகள் ஒழுங்காகத் தெரிவதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டையொட்டி ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கியோர் பலருக்குத் தமிழ்ப் பக்கங்கள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தது நினைவிருக்கும். அக்கட்டங்கள் எழுத்துகளாக மாறியதன் பின்னால், மேசைக்கணினிக்கென எழுதப்பட்ட நிரல் நூலகம் ஒன்று கைப்பேசிக்குக் குடிபெயர்ந்த வரலாறு இருக்கிறது.

நிரல் நூலகம் என்பது, பல மென்பொருள்களுக்கும் பொதுவான ஒரு பணியை ஒருமுறை எழுதிவைத்து, வேண்டுவோர் எடுத்தாள விடும் தொகுதி. தமிழுக்கு அப்படியொன்று ஏன் வேண்டும்? 'கொ' என்னும் உயிர்மெய்யைப் பார்ப்போம். யூனிகோடு முறையில் முதலில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க வேண்டும். சேமித்த வரிசை வேறு, தோன்றும் வரிசை வேறு. இவ்விரண்டையும் இணைப்பது எழுத்துவடிவாக்கம் என்னும் பணி. அது இல்லையேல் எழுத்துரு இருந்தும் கொம்பு இடம் மாறி நிற்கும்.

மேசைக்கணினியில் இச்சிக்கல் முன்பே தீர்ந்திருந்தது. விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடை ஏற்றது. கட்டற்ற மென்பொருள் உலகில், 1996இல் டேவிட் டர்னர் தொடங்கிய ஃப்ரீடைப் திட்டத்தில் இதற்கான நிரலின் முதல் வடிவம் உருவாயிற்று. அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒன்று பாங்கோ நூலகத்திலும் மற்றொன்று க்யூடி நூலகத்திலும் தனித்தனியே வளர்ந்தன. ஒரே ஏட்டிலிருந்து படியெடுத்த இரு சுவடிகள் பாடபேதங்களோடு பெருகியது போன்ற நிலை அது. இரண்டும் தத்தம் மேசைச்சூழலின் பிற தொகுதிகளைச் சார்ந்திருந்தன. ஒன்றைத் தனியே பெயர்த்தெடுத்துச் சிறு கருவியில் பொருத்துவது எளிதன்று.

இதற்கிடையில் வாசகர்கள் குறுக்கு வழியொன்றைக் கண்டனர். 2006இல் உலகெங்கும் வெளியான ஓபரா மினி உலாவி, பக்கங்களைத் தன் வழங்கியிலேயே சுருக்கி அனுப்புவது. பின்னர் அதில், மறைமொழி போன்ற ஒரு சொல்லை முகவரிப் பட்டையில் இட்டு அமைப்பை மாற்றினால், எழுத்துகளை அவ்வழங்கி படங்களாக்கி அனுப்பும். தமிழ் தெரிந்தது, ஆனால் வந்தது எழுத்தன்று, எழுத்தின் நிழற்படம்.

நிலையான தீர்வு ஹார்ஃப்பஸ் என்னும் நூலகத்தால் வந்தது. பெயர் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரிந்த இரு கிளைகளும் எம்ஐடி உரிமத்தின்கீழ் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. உரிம அறிவிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எவரும் எதிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். பின்னர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதனைப் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார். வரைதல், வரி மடித்தல் போன்ற வேலைகள் விலக்கப்பட்டன. எழுத்துத்தொடரையும் எழுத்துருவையும் பெற்று, எந்த வடிவம் எவ்விடத்தில் என்பதை மட்டும் அது சொல்லும். எழுத்துருவின் அட்டவணைகளைப் பிரித்துப் படியெடுக்காமல் இருந்த இடத்திலேயே படிப்பதால் நினைவகமும் மிச்சம்.

2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பில் தமிழ் கட்டமின்றித் தெரிந்தது. அவ்வாண்டே ஃபயர்பாக்ஸ் 4 ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2017இல் லிப்ரெஆஃபிஸ் 5.3 எல்லா இயங்குதளங்களிலும் அதனையே கைக்கொண்டது. சிறு கருவிக்கு ஏற்பச் செதுக்கப்பட்ட நூலகம் மேசைக்கே திரும்பிவந்து பெருமை பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்று. தமிழுக்கென எவரும் இந்நூலகத்தை எழுதவில்லை. அரபு, தேவநாகரி, தமிழ் என எல்லாச் சிக்கலான எழுத்துகளுக்கும் பொதுவாக எழுதியதால்தான் அது நம்மை வந்தடைந்தது. பூட்டிவைத்த நிரலாக இருந்திருப்பின், நம் ஒற்றைக்கொம்பு எங்கு நிற்க வேண்டும் என்பதை ஏதோவொரு நிறுவனத்தின் வணிகக் கணக்கே முடிவு செய்திருக்கும். மொழிக்குத் தொண்டு செய்வோர் பட்டியலில் இத்தகைய நிரலாளர்களுக்கும் இடமுண்டு என்றே நாம் கருதுகிறோம்.