எரர் 26: ஒரு பூட்டின கதவின் கதை

இந்த எபிசோடில் ஒரு எரர் மெசேஜோட வரலாறு.

எங்க ஊர் காஞ்சிபுரத்தில், காந்தி ரோடு பட்டுக்கடை மாதிரி ஒரு கடையை நினைச்சுக்கோங்க. உள் ரூமில் டேட்டாபேஸ் ஓடுற ஒரு கம்ப்யூட்டர். முன்னால கவுண்டரில் ரெண்டு மூணு பில்லிங் கம்ப்யூட்டர். சின்னக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் பலதும் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரோட இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ்ஸில்தான் ஓடுது. முகூர்த்த சீசன், கடை நிறைய கூட்டம். அப்போ கவுண்டர் ஸ்கிரீனில் வரும்: 'எரர் 26, எரர் லொகேட்டிங் சர்வர்/இன்ஸ்டன்ஸ் ஸ்பெசிஃபைட்'.

உள்ளே சர்வர் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கும். அவசரத்தில் யாராவது ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணுவாங்க. பில் ஓட ஆரம்பிச்சிடும். அதோட அந்தப் பிரச்சினையை எல்லாரும் மறந்துடுவாங்க.

அந்தக் கதவை யார், ஏன் பூட்டினாங்க? அதுக்கு 25 வருஷம் பின்னால போகணும்.

எஸ்கியூஎல் சர்வர் 2000-இல் ஒரு புது வசதி வந்தது. ஒரே மெஷினில் பல இன்ஸ்டன்ஸ் ஓடலாம். முதல் இன்ஸ்டன்ஸுக்கு 1433-ன்னு ஒரு நிலையான போர்ட் இருக்கு. மத்ததெல்லாம் எந்த போர்ட்டில் இருக்குன்னு கேட்கத் தனியா ஒரு விசாரணை கவுண்டர் வேணும். அதுதான் யூடிபி 1434. கேட்கிற மெஷின் '04'-ன்னு ஒரு பைட், பின்னாலயே இன்ஸ்டன்ஸ் பெயர், இவ்வளவுதான் அனுப்பும். பதிலா போர்ட் நம்பர் வரும். இந்த விசாரணைக்குப் பதிலே வரலைன்னாதான் எரர் 26.

அந்த கவுண்டரில் ஒரு ஓட்டை இருந்தது. வர்ற பெயர் எவ்வளவு நீளம்னு புரோகிராம் பார்க்கவே இல்லை. நீளமா அனுப்பினா, மிச்சம் மெமரியில் பக்கத்து இடத்துக்கு வழிஞ்சு புரோகிராமாவே ஓடும். 2002 ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்துட்டாங்க. நிறைய பேர் போடலை. வேற சாஃப்ட்வேரோட சேர்ந்து டேட்டாபேஸ் எஞ்சின் தன் மெஷினில் வந்து உட்கார்ந்திருக்குன்னே பலருக்குத் தெரியாது.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. நம்ம நேரப்படி காலை சுமார் 11 மணி. ஸ்லாமர்னு ஒரு வார்ம் கிளம்பினது. மொத்தமே 376 பைட். யூடிபியில் 'வரலாமா'ன்னு முன்கூட்டியே கேட்கிற வேலை இல்லை, போஸ்ட் கார்டு மாதிரி போட்டுக்கிட்டே போகலாம். ஆரம்பத்தில் 8.5 செகண்டுக்கு ஒரு தடவை எண்ணிக்கை இரட்டிப்பானது. 10 நிமிஷத்தில், ஓட்டை இருந்த மெஷின்களில் 90 சதவீதம் மாட்டியாச்சு. மொத்தம் குறைஞ்சது 75,000. தென்கொரியாவில் இன்டர்நெட் முடங்கியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவோட ஏடிஎம்களில் சுமார் 13,000 பாதிக்கப்பட்டது. இத்தனைக்கும் ஸ்லாமர் எதையும் திருடலை, அழிக்கலை. டிராஃபிக் மட்டுமே செஞ்ச வேலை இது.

அதுக்கப்புறம் கதவுகள் மூட ஆரம்பிச்சது. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது ஃபயர்வால் தானாவே ஆன் ஆகி வந்தது. எஸ்கியூஎல் சர்வர் 2005 எக்ஸ்பிரஸ்ஸில் வெளி மெஷினிலிருந்து வர்ற இணைப்பு மூடியே வந்தது. அந்த விசாரணை கவுண்டரை 'பிரவுசர்'னு தனி சர்வீஸா ஆக்கினாங்க. எக்ஸ்பிரஸ்ஸில் அதையும் நாமதான் ஆன் பண்ணணும். ஆக, நம்ம கவுண்டரில் வர்ற எரர் 26 பெரும்பாலும் கோளாறு இல்லை. வேணும்னே போட்ட பூட்டு.

அப்போ சரி செய்யறது எப்படி? வரிசையாப் போங்க. முதல்ல, சர்வர் மெஷினில் உட்கார்ந்து அங்கிருந்தே கனெக்ட் ஆகுதான்னு பாருங்க. ஆகலைன்னா பெரும்பாலும் சர்வீஸே ஓடலை. ஆச்சுன்னா, டிசிபி/ஐபி ஆன் பண்ணி, ஒரு நிலையான போர்ட் கொடுங்க. அப்புறம் கவுண்டர் மெஷினில், சர்வர் பெயருக்குப் பின்னால கமா போட்டு அந்த போர்ட் நம்பரை எழுதுங்க. இப்போ 1434-கிட்ட விசாரிக்கவே தேவையில்லை. இன்னும் வரலைன்னா எரர் நம்பரைப் பாருங்க. 10061-ன்னா மெஷின் பதில் சொல்லுது, அந்த போர்ட்டில் யாரும் இல்லை. 10060-ன்னா பதிலே இல்லை, பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால். அதில் அந்த ஒரு போர்ட்டை, அந்த ரெண்டு மூணு கவுண்டரோட ஐபிக்கு மட்டும் திறங்க.

முக்கியமா, ஓனர் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கணும்னு ரவுட்டரில் அந்த போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. விபிஎன் போடுங்க. 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இல்லாம இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழிச்சுட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு எழுதி வச்சாங்க. கடையில் அந்த ஒரு மெஷினில்தான் நெசவாளருக்குத் தர வேண்டிய கூலி, வாங்கின பட்டு, ஜரிகைக் கணக்கு எல்லாம் இருக்கு. ஸ்லாமர் எதையும் அழிக்கலை. அடுத்து வந்தவங்க அழிச்சாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள உங்க கடை சர்வரில் ஃபயர்வால் ஆனில் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.